சிறுகண் சல்லடை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். உன் இடுப்பு வலி, அத்தானின் இருமல், அப்பாவின் கண், இவை மூன்றும் எப்படி இருக்கின்றன? தனித்தனியாக எழுது. ‘எல்லோரும் சுகம்’ என்று ஒரே வரியில் தப்பித்துவிடாதே.

எட்டுக் கூடாரம், ஒரு தகரக் கொட்டகை, இவ்வளவுதான் முகாம். போன் எடுக்காது. வாரம் ஒரு முறை ஜீப் போய்த் தபால் கொண்டுவரும். பின்னால் மலை, மலையில் குகை. எதிரே வற்றிப்போன ஏரி, கண்ணுக்கு எட்டியவரை உப்புப் பூத்துக் கிடக்கிறது. காற்றடித்தால் கண்ணில் மிளகாய்ப்பொடி போட்டதுபோல் எரிகிறது என்று எல்லோரும் கசக்கிக்கொண்டு திரிகிறார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. “உங்களுக்கு மட்டும் எப்படிங்க?” என்று பேராசிரியர் கேட்டார். “தெரியலயே மேடம்” என்றேன்.

என் வேலை மண் சலிப்பது. குகைக்குள் தோண்டுகிறவர்கள் வாளி வாளியாக அனுப்புவார்கள். எந்தக் குழி, எந்த அடுக்கு என்று ஒவ்வொரு வாளியிலும் சீட்டு இருக்கும். முதலில் பெருங்கண் சல்லடை, அப்புறம் சிறுகண் சல்லடை. நிற்பதைப் பொறுக்கிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எம்.ஏ. படித்தவன் மண் சலிக்கிறான் என்று அத்தான் சிரிப்பார். சிரிக்கட்டும், இருமலுக்கு நல்லது.

ஆறாயிரம் வருஷத்துக்கு முன்பு இந்தக் குகையில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ஒரு ராத்திரி ஒதுங்கிப் போனவர்கள் இல்லை, தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். இரண்டு நாள் நடந்தால் ஆறு. நல்ல தண்ணீர், மரம், மான் எல்லாம் அன்றைக்கும் அங்கே இருந்தன. அதை விட்டுவிட்டு இந்த உப்புக் காட்டில் ஏன் கிடந்தார்கள்? இந்த ஒரு கேள்விக்குத்தான் இத்தனை கூடாரமும். எனக்கு என்னவோ அந்த ஆட்கள் மேல் கோபம்தான் வருகிறது. காலில் விலங்கா போட்டிருந்தது? எழுந்து போக வேண்டியதுதானே?

உன்னையும் பத்து வருஷமாக இதையேதான் கேட்கிறேன். நான் இருக்கும் ஊரில் வீடு பார்த்துத் தருகிறேன், அப்பாவுக்குக் கண் ஆஸ்பத்திரியும் பக்கத்தில். நான் சொன்னால் நீ எப்போது கேட்டிருக்கிறாய்? இருந்தாலும் யோசி.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 2

சல்லடை உத்தியோகஸ்தருக்கு அக்கா எழுதிக்கொண்டது,

இங்கே உன் கேள்விப்படியே தனித்தனியாக: என் இடுப்பு குனிந்தால் வலிக்கிறது, ஆகையால் யாருக்கும் குனிவதில்லை. உன் அத்தானுக்குத் தண்ணீர் லாரி ஓட்டும்போது இருமல் இல்லை, நான் ஒரு வேலை சொன்னால் உடனே வருகிறது. அப்பாவுக்கு வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உடம்பை உப்புக் காற்றில் காயவிடாதே.

இந்த வருஷம் காற்று சீக்கிரமே திரும்பிவிட்டது. ஏரி ஈயின் புழுக்கூடெல்லாம் கரை ஒதுங்கி, வரப்புப் போட்டதுபோல் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. எனக்கு நீரேற்று நிலையத்தில் காலையில்தான் மீட்டர் பார்க்கும் முறை. அது முடிந்ததும் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நாலு சாக்கு அள்ளி வந்தேன். வெயிலில் போட்டு, தேய்த்து, உமியைப் புடைத்துவிட்டு, உள்ளே இருந்த ஏரியரிசியை மஞ்சள் மஞ்சளாக ஒரு பானை நிறைய எடுத்தாயிற்று. கண் தெரியாவிட்டால் என்ன, தேய்க்கிற கைக்கு எதற்குக் கண்? அப்பாவின் கையில் ஒரு உமி தங்கவில்லை.

உனக்கு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். விடுதியில் இருந்தபோது செய்ததுபோல் ஒளித்து வைத்துத் தின்னாதே. உடன் வேலை செய்கிறவர்களுக்கும் கொடு.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், ‘எழுந்து போக வேண்டியதுதானே’ என்பது வரை. அதற்குக் கீழே உள்ளதைப் படிக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் அவருக்குக் கோபம் வரும். உன் குகைக்காரர்களைப் பற்றி அவர் சொன்னது இது: “அவங்க என்ன தின்னாங்கன்னு மொதல்ல பாக்கச் சொல்லு. ஏன் இருந்தாங்கன்னு அப்பறம் கேக்கலாம்.” பேராசிரியர் அம்மாவிடம் சொல். எங்களுக்கும் கொஞ்சம் பேர் கிடைக்கட்டும்.

உன்,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அவ்வாறே இருக்க வேண்டும்.

பொட்டலம் வந்தது. எல்லோருக்கும் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். இனி அனுப்ப வேண்டாம், ஜீப்பில் இடம் கிடையாது, சிரமம்.

வேலை வேகமாகப் போகிறது. மூன்று குழிகள் முடிந்துவிட்டன. பேராசிரியருக்கு விடை ஏறக்குறைய கிடைத்துவிட்டது. எலும்பு அதிகம் இல்லை, விதை இல்லை, மீன் முள் இல்லை. சாப்பாட்டுக்கு வழியே இல்லாத இடம். ஆற்றங்கரையில் இருந்த வலுத்தவர்கள் துரத்திவிட, போக்கிடம் இல்லாமல் இங்கே வந்து அரைப்பட்டினியாகக் கிடந்தவர்கள் என்று எழுதப் போகிறார். ஜூலையில் பெரிய மாநாட்டில் வாசிப்பார். கட்டுரையில் என் பெயரும் இருக்கும். அச்சில் என் பெயர் வருவது இதுதான் முதல் தடவை.

அப்பா சொன்னதை அவரிடம் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். (ஒரே வரிதான். நீ மட்டும் அப்படி எழுதலாமா?)

உன் பெயர் அச்சில் வருகிறது என்றதும் உன் அத்தான் லாரியை நிறுத்தி நிறுத்தித் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்டார்கள். அப்பா மாலையில் தானே எழுந்து தாடையைச் சவரம் செய்துகொண்டார். இரண்டு இடத்தில் வெட்டு.

அந்த ஆட்கள் அரைப்பட்டினியாகக் கிடந்தார்கள் என்றதைக் கேட்டுத்தான் அவருக்குத் திருப்தி இல்லை. “பட்டினி கெடக்கறவன் தலமுற தலமுறயாவா கெடப்பான்?” என்கிறார். நான் என்ன கண்டேன்? படித்தவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

ஏரியரிசி எல்லோருக்கும் பிடித்தது என்று எழுதியிருந்தாய். உச்சி குளிர்ந்துவிட்டது. ஜீப்பில் இடம் இல்லையென்றால் உன் மடியில் வைத்துக் கொண்டுவர வேண்டாம் என்றுதான், பேராசிரியர் அம்மாவின் பேருக்கே ஒரு பொட்டலம் தபாலில் போட்டுவிட்டேன். எப்படி வறுப்பது என்று ஒரு சீட்டும் வைத்திருக்கிறேன். கீழே நம் முகவரியும், உன்னைத் தெரியும் என்று ஒரு வரியும்தான். இன்னாருடைய அக்கா என்று எழுதவில்லை, அதை நீ வாயால் சொன்னால் நன்றாக இருக்கும் என்று உனக்கு விட்டுவைத்திருக்கிறேன்.

உன்,
அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

நலம்.

உன்னை யார் அனுப்பச் சொன்னது? வேண்டாம் என்று எழுதினேனா இல்லையா? எது சொன்னாலும் உன் இஷ்டத்துக்கு ஒன்றைச் செய்துவிட்டுப் பாசம் என்று அதற்குப் பேர் வைத்துவிடுகிறாய். இது ஆராய்ச்சி நடக்கிற இடம், உறவுக்காரர்கள் பலகாரம் கொண்டுவரும் விடுதி இல்லை. எனக்கு இங்கே ஒரு மரியாதை இருக்கிறது.

பேராசிரியர் வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லச் சொன்னார். அதோடு விடு.

அப்பாவின் கண்ணைக் கவனி.

தம்பி


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஜீப் வரும் நாளெல்லாம் தபால் பையை நானே பிரித்துப் பார்க்கிறேன். அப்பாவுக்கு ஏதாவது? அத்தானுக்கு? உன் இடுப்பு?

போன கடிதத்தில் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். வேலை நெருக்கடி, வெயில் வேறு. நீ மனதில் வைத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். சின்ன வயதில் உன் கையைக் கடித்து ரத்தம் வரவைத்தபோதுகூட, பல் எவ்வளவு உறுதி பார் என்று அப்பாவிடம் காட்டியவள் நீ.

இங்கே நான்காவது குழியும் முடியப்போகிறது. ஒரு வரி எழுது.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஏப்ரல் கடைசியில் உன் பேராசிரியர் அம்மாவிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நல்ல கையெழுத்து. பொட்டலத்துக்கு நன்றி சொல்லி, வறுத்துத் தின்றதாகவும் முந்திரி மாதிரி இருந்ததாகவும் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: ‘துறைமுக நகரத்தில் ஆசிரியர் வீட்டுப் பிள்ளையாகத் தம்பி வளர்ந்தபோது நீங்கள் அவர்கள் வீட்டில் வேலை பார்த்ததாகச் சொன்னார். இத்தனை வருஷம் கழித்தும் அவரை நினைத்து அனுப்பியிருக்கிறீர்களே, பெரிய மனசு.’

இதைப் படித்தபோது நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, எதுவும் யாருக்கும் கேட்காது. அன்றைக்கு மீட்டர் பார்க்க மறந்துவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

நீ எங்கே பிறந்தாய் என்பதை மறைப்பாய் என்று எனக்கு முன்பே தெரியும். விடுதியில் உன்னை ‘ஈத்தின்னி’ என்று கூப்பிட்டுப் படுத்தியதும், லீவு முடிந்து உன்னைத் திரும்ப அனுப்ப நான் பட்ட பாடும் மறந்துவிடவில்லை. ஊரை மறைத்தால் மறைத்துக்கொள், ஊருக்கு என்ன, வலிக்கவா போகிறது? என்னையும் மறைப்பாய் என்றுதான் தெரியாமல் போயிற்று.

பயப்படாதே, உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்களுக்கு இப்படிப் பதில் எழுதினேன்: ‘ஆமாம் அம்மா, அந்த வீட்டில் பாத்திரம் துலக்கினேன், துணி துவைத்தேன். அம்மா இல்லாத பிள்ளை, இரண்டு வயசிலிருந்து இடுப்பில் தூக்கி வளர்த்தேன்.’ இதில் ஒரு பொய்யும் இல்லையே? அவர்கள் கேட்டிருந்தபடி ஏரியரிசியை எப்படி எடுப்போம், உமியை எங்கே கொட்டுவோம் என்பதையும் நாலு பக்கத்துக்கு எழுதினேன்.

அப்பாவுக்கு இந்தக் கடிதம் எதையும் படித்துக் காட்டவில்லை. ‘தம்பி எழுதினானா?’ என்று கேட்டார். வேலை அதிகமாம் என்றேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் முன்பு வேலை பார்த்தவள்


ஜூலை 3

அக்கா,

உன் நலம் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு மூன்று நாள் சாப்பிட உட்கார முடியவில்லை. இரண்டு வாரமாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். இந்த முறை கிழிக்கப் போவதில்லை. நீ அறிந்தது பாதிதான், மிச்சத்தையும் கேட்டுவிடு.

ஜனவரி கடைசியில் ஒரு நாள் காலை, சாப்பாட்டுக் கொட்டகையில் வரைபடம் போடுகிறவர் ஒரு கதை சொன்னார். எங்கோ உப்பேரிக் கரையில் ஈயைத் தின்கிற ஜனங்கள் இருக்கிறார்களாம், ஏதோ பழைய பயணக் குறிப்பில் படித்தாராம். எல்லோரும் முகத்தைச் சுளித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கவே சிரித்தேன்.

அன்றைக்கே, மூன்றாம் குழி ஐந்தாம் அடுக்கு மண்ணைச் சிறுகண் சல்லடையில் சலித்தபோது ஒரு பிடி பழுப்புச் சருகு நின்றது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். நம் வாசலில் பறக்குமே, அதே உமி. ஈரமே படாத குகையில் ஆறாயிரம் வருஷம் கெடாமல் இருந்திருக்கிறது. அடுத்த வாளியிலும் நின்றது. அதற்கடுத்த வாளியில் இரண்டு பிடி. அப்பா சொன்னாரே, என்ன தின்றார்கள் என்று பார் என்று. அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே பதில் என் உள்ளங்கையில் இருந்தது. அவர்கள் துரத்தப்பட்டவர்கள் இல்லை. மான் தேடி அலைய வேண்டாம், காற்று திரும்பினால் சாப்பாடு தானாகக் கரைக்கு வரும், வருஷம் முழுக்க வைத்துத் தின்னலாம். அதை விட்டுவிட்டு எவன் போவான்? அந்த முகாமில் இதைப் பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான்.

சொன்னால் அடுத்த கேள்வி, “உங்களுக்கு எப்படித் தெரியும்?” அந்த ஒரு கேள்விக்குப் பயந்து உமியைச் சரிவில் கொட்டினேன். சிறுகண் சல்லடையைக் கொட்டகையில் சாக்குக்குப் பின்னால் சாத்தி வைத்தேன். அதற்குப் பிறகு எல்லா மண்ணையும் பெருங்கண் சல்லடையில் மட்டுமே சலித்தேன். உமி, மணல்போல அதன் வழியாகப் போய்விடும். பதிவேட்டில் ‘இரண்டிலும் சலித்தது, ஒன்றும் இல்லை’ என்று எழுதினேன். நூற்றுப் பதினேழு வாளிக்கு அப்படி எழுதியிருக்கிறேன். நான் எழுதிய அந்த ‘ஒன்றும் இல்லை’ மேல்தான் பேராசிரியர் பட்டினிக் கதையைக் கட்டியிருக்கிறார்.

உன் முதல் பொட்டலத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. கூடாரத்தில் ஒளித்து வைத்து மூன்று நாளில் நானே தின்று தீர்த்தேன். தின்னும்போது அழுகை வந்தது. இரண்டாவது பொட்டலத்தைப் பேராசிரியர் எல்லோர் முன்னாலும் பிரித்தார். “இத யாருங்க அனுப்பியிருக்காங்க? உங்களத் தெரியும்னு எழுதியிருக்கு” என்றார். வரைபடக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்க வீட்ல முன்னாடி வேல செஞ்ச அம்மா” என்று என் வாய் சொல்லிவிட்டது. வாய் தவறி வந்தது என்று உன்னிடம் சொல்லத் தோன்றுகிறது. அது பொய். ஒரு வினாடி யோசித்துத்தான் சொன்னேன்.

சரிவில் கொட்டியதைக் காற்று கொண்டுபோகாமல் தகரத்தைப் போட்டு மூடி, மேலே கல் வைத்திருக்கிறேன். அடுக்கெல்லாம் கலந்து போயிற்று, ஆனாலும் உமி உமிதான். பேராசிரியர் நான்கு நாளாக முகாமில் இல்லை, எங்கோ வேலையாகப் போயிருக்கிறார். திரும்பி வந்ததும், மாநாட்டுக்குப் போவதற்குள், எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நீ யார் என்பதை முதலில் சொல்வேன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அது எனக்குத் தெரியும்.

தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. உன் பேராசிரியர் அம்மா முந்தாநாள் வந்துவிட்டுப் போனார்கள். எங்கோ வேலையாகப் போயிருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, இங்கேதான் வந்தார்கள். நான் எழுதிய நாலு பக்கத்தைப் படித்துவிட்டு, ஏரியை நேரில் பார்க்க வேண்டும் என்று, ஓட்டுநரை மட்டும் கூட்டிக்கொண்டு.

வாசலில் ஜீப் நின்றதும், உங்கள் முகாமின் பெயர் எழுதியிருந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். ஓடிப்போய்ச் சுவரிலிருந்த உன் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அப்பா கட்டிலில் இருந்தார். “என்ன கழட்டுற?” என்றார். “ஒட்டட அடிக்கிறேன்” என்றேன்.

நல்ல மனுஷி. தரையில் உட்கார்ந்தார்கள். உமிக்குவியலைக் கையால் அளைந்து பார்த்தார்கள், ஒரு கவரில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் என்னிடம், “அந்தப் பையனோட அப்பா வாத்தியாராமே, அவங்க வீட்ல எத்தன வருஷம் வேல பாத்தீங்க?” என்று கேட்டார்கள். அப்பாவின் காதில் விழுகிற தூரம். அவர் முகம் என் பக்கம் திரும்பியது. “பதினாறு வருஷம்மா” என்றேன். நீ விடுதிக்குப் போய் லீவுக்கு வந்ததையும் சேர்த்துத்தான். அப்பா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு கேட்டார்கள். “ஐயா, கொஞ்ச தூரம் போனா நல்ல தண்ணி, நல்ல நெலம். உங்க ஆளுங்க ஏன் போகாம இங்கயே இருந்துட்டாங்க?”

அப்பா, “பஞ்சம் வந்தா ஆத்தங்கரக்காரன்தாம்மா இங்க வருவான், சாக்க எடுத்துக்கிட்டு. எங்க அப்பா காலத்துல வரிசையா வந்து நின்னாங்க. நாங்க ஏன் இருக்கோம்னு வர்றவங்க எல்லாரும் கேக்குறீங்க. போனவன் ஏன் போனான்னு யாராச்சும் கேட்டீங்களா?” என்றார்.

அவர்கள் சிரித்தபடி எழுதிக்கொண்டார்கள். அப்புறம், “உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?” என்றார்கள்.

“ஒண்ணு. பொண்ணு மட்டும்” என்றார் அப்பா.

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

ஜீப் போன பிறகு அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. திட்டவும் இல்லை. உன் அத்தான் வந்து படம் எங்கே என்று கேட்டபோதுதான், “ஒட்டட அடிச்சாச்சுல்ல. இருந்த எடத்துலயே இருக்கட்டும்” என்றார். படம் பானைக்குப் பின்னாலேயே இருக்கிறது.

அவர்கள் திரும்பியதும் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று எழுதுகிறாய். சொல். ஆனால் ஒன்று தெரிந்துகொள். பொய்யே சொல்லாத மனுஷர், எண்பது வயசில், உனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். உனக்காகச் சொன்னாரா, உன்மேல் வெறுத்துச் சொன்னாரா என்று எனக்கே புரியவில்லை. நீ வாயைத் திறந்தால் அவரும் பொய்யர் ஆகிவிடுவார். இதைச் செய்ததும் நீதான்.

நான் மீட்டர் ஓடாத நாளில் ஓடியதாக ஒரு நாளும் எழுதியதில்லை. நூற்றுப் பதினேழு வாளி எனக்குப் புரியவே இல்லை, தம்பி.

சாப்பிடு. உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, அப்பா, அத்தான் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் என் கையில் கிடைப்பதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது. பேராசிரியர் வந்து இறங்கியதும் நேராகக் கொட்டகைக்கு வந்தார். கவரைப் பிரித்து மேஜைமேல் கொட்டினார். “இந்த மாதிரி எதாச்சும் சல்லடையில நின்னுதா?” என்றார். உன் கை பட்ட உமி என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் உமி, பிறகு பதிவேடு. நீ யார் என்பதை முதலில் சொல்வேன் என்று எழுதியிருந்தேன், அதையும் கடைசியில்தான் சொன்னேன். அவ்வளவுதான் என் துணிச்சல். அவர் வரைபடக்காரரை வெளியே போகச் சொன்னார்.

“அப்போ அந்த அம்மா?”

“எங்க அக்கா.”

“கட்டில்ல இருந்தவரு?”

“எங்க அப்பா, மேடம்.”

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். “பிள்ளைகள், ஒன்று. அவரு சொன்னதத்தான் எழுதியிருக்கேன். திருத்தவா?” என்றார்.

அப்போதுதான் அப்பா சொன்னது எனக்குத் தெரியும் அக்கா. கூனிக் குறுகிப் போனேன் என்று கதைகளில் எழுதுவார்களே, அது உடம்புக்கே நடக்கிற காரியம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். “அத அவருதான் சொல்லணும் மேடம்” என்றேன். புத்தகத்தை மூடிக்கொண்டார்.

மாநாட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆறு மாத வேலை. பதிவேடு என்னிடம் இல்லை, என் பெயரும் இனி எதிலும் வராது. தகரத்துக்கு அடியில் கிடந்ததை நானே சிறுகண் சல்லடையில் மறுபடி சலித்துக் கொடுத்தேன். ஐந்தாம் குழியை வேறொருவர் சலிக்கிறார். மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்கிலும் உமி நிற்கிறதாம். நான் கொட்டகைப் பக்கம் போவதில்லை, சாப்பாட்டு வரிசையில் பேசிக்கொண்டதைக் கேட்டேன். வரைபடக்காரர் என்னிடம் வந்து, “அன்னிக்கு நான் சிரிச்சது தப்புங்க” என்றார். அது எனக்குத்தான் இன்னும் கேவலமாக இருந்தது. அவர் தெரியாமல் சிரித்தவர்.

ஆகஸ்ட் முதல் வாரத்தோடு என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை மத்தியானப் பேருந்தில் அங்கே வரலாம் என்று இருக்கிறேன். அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிடு. வேண்டாம் என்று அவர் சொன்னால் எழுது, வரமாட்டேன். இந்தக் கடிதம் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டு. எதையும் விடாதே.

தம்பி


ஆகஸ்ட் 1

தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்தேன். ஒரு வரி விடவில்லை. ஜூலை மூன்றாம் தேதிக் கடிதத்தையும் எடுத்து வந்து அதையும் படித்தேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முடித்ததும், “யாரு எழுதினது?” என்றார்.

தெரியாமல் கேட்கவில்லை. உன் பெயரைச் சொன்னேன்.

“அந்த வாத்தியார் வீட்டுப் புள்ளயா?” என்றார். “வரட்டும். பசின்னு வந்தவங்களுக்கு இந்தக் கரையில நாம என்னிக்கு இல்லன்னு சொல்லியிருக்கோம்? நீ வேல பாத்த வீடு வேற. நல்லாக் கவனிச்சு அனுப்பு.”

இதற்கு மேல் நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். உன் அத்தானும் பேசினார். வேறு ஒரு சொல் வாங்க முடியவில்லை.

வா. பேருந்து நிற்கும் இடத்துக்கு உன் அத்தான் லாரியோடு வருவார். நான் வரமாட்டேன். வாசலில் நின்று நான் உன்னைக் கூப்பிடவும் மாட்டேன், ‘அப்பா, தம்பி வந்திருக்கான்’ என்று உனக்காகச் சொல்லவும் மாட்டேன். பத்து வருஷமாக உனக்குப் பதிலாக நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நில். “யாருப்பா?” என்று கேட்பார். நீ யார் என்று நீயே சொல்.

அக்கா